ரோஸி ஆன்ட்டியின் எட்டு மணி மாத்திரை

டிராவல் ஏஜென்சியில் நாங்கள் விற்பது டிக்கெட். வருகிறவர்கள் கேட்பதோ நேரம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். விமானத்தில் இதுவரை ஏறியதில்லை. பெங்களூரு காக்ஸ் டவுனில் ஆறு மாதப் பயிற்சி. ஒரு தகவலைத் தப்பாகச் சொன்னாலும் வேலை நிரந்தரமாகாது என்று மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

மத்தியானம் இரண்டு, மாலை ஐந்தரை

விவேக் நகர் ரோஸி ஆன்ட்டி சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் மகளிடம் போகிறார். முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக. "திங்கள் மத்தியானம் ரெண்டு மணிக்குக் கிளம்பி, திங்கள் சாயந்திரம் அஞ்சரைக்கே இறங்கிடுவீங்க ஆன்ட்டி" என்றேன். டிக்கெட்டில் அப்படித்தான் இருந்தது. புறப்படுவது நம் ஊர் நேரம், இறங்குவது அந்த ஊர் நேரம் என்று நான் சொல்லவில்லை. பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஆன்ட்டி சிரித்தார்.

"மூணரை மணி நேரமா? விவேக் நகர்லேர்ந்து ஏர்போர்ட் போகவே அவ்வளவு ஆகுமே கண்ணு!"

அதே தூரம், வேறு நேரம்

பெற்றோருக்கு அதே சான் பிரான்சிஸ்கோ விமானத்தில் டிக்கெட் போட வந்த ஐ.டி. இளைஞர் ஒருவர் திரையை எட்டிப் பார்த்தார். "போக பதினாறு மணி நேரம், வர பதினேழரையா? ஒரே வழிதானே?" எனக்கும் தெரியவில்லை. ஒரு நிமிடம் அவகாசம் கேட்டு, நெட்டில் தேடிப் படித்தேன். உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீசுகிறதாம். போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்த்து நிற்கும். சொன்னதும் அவர் தலையாட்டினார்.

"அப்போ காத்துக்கும் அமெரிக்கா போகத்தான் ஆசை."

பூ கட்டும் நூல்

அதிலிருந்து தூரத்தின் மேல் ஒரு கிறுக்கு. திங்கள் காலை, அம்மா பூ கட்டும் நூலில் ஒரு முழம் எடுத்துப்போய் ஆபீஸ் உலக உருண்டையில் பெங்களூருவையும் சான் பிரான்சிஸ்கோவையும் இழுத்துப் பிடித்தேன். பசிபிக் கடலின் குறுக்கே நேராகப் போகும் என்று நினைத்தால், நூல் வடக்கே ஏறி அலாஸ்காவின் ஓரம் போனது! ஏறக்குறைய பதினாலாயிரம் கிலோமீட்டர். பக்கத்து சீட் ஆஷா கன்னத்தில் கைவைத்தாள்.

"பதினாறு மணி நேரம் ஒரே சீட்டுலயா? நடுவுல ரெண்டு வேளை சாப்பாடாவது போடுவாங்களாடி?"

பெட்டிக்கு அடியில்

சாப்பாடு என்றதும் பகீர் என்றது. ரோஸி ஆன்ட்டிக்குச் சுகர். டிக்கெட் போட்ட அன்று கையில் மருந்துச் சீட்டு வைத்திருந்தார். இன்றுதான் பயணம்; மூணரை மணி நேரம்தான் என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பார். மேனேஜரிடம் போய், "சார், ஒருத்தங்களுக்கு நேரம் தப்பாப் புரியுற மாதிரி சொல்லிட்டேன்" என்றேன். முறைத்தார். "மொதல்ல போன் மாடம்மா. உன் வேலை விஷயம் ஆமேலெ நோடோணா." முதலில் போன் செய், வேலையை அப்புறம் பார்க்கலாம் என்று கன்னடம் கலந்து சொன்னார்.

நான் போன் செய்தபோது ஆன்ட்டி ஏர்போர்ட் டாக்ஸியில் ஏறிக்கொண்டிருந்தார். "மாத்திரையா? ராத்திரி எட்டு மணிக்குத்தானே, அதுக்குள்ள மக வீட்டுல இருப்பேனே! பெரிய பெட்டிக்கு அடியில வச்சிருக்கேன்." உங்கள் உடம்புக்கு எட்டு மணி ஆகும்போது விமானம் இன்னும் நடுவானில்தான் இருக்கும் என்று விளக்கி, மாத்திரையைக் கைப்பைக்கு மாற்றச் சொன்னேன்; எப்போது போடுவது என்று டாக்டரைக் கேட்கச் சொன்னேன். நடுரோட்டில் பெட்டி திறக்கும் சத்தமும் டிரைவரின் புலம்பலும் கேட்டன.

செவ்வாய் காலை பஸ்ஸில் இருந்தபோது அமெரிக்காவிலிருந்து அழைப்பு.

"மாத்திரை வேளைக்குப் போட்டுட்டேன் கண்ணு. இங்க இன்னும் திங்கக்கிழமைதான், ஆனா என் முட்டிக்கு செவ்வாய்க்கிழமை ஆயிடுச்சு!"

என் பயிற்சி முடிய இன்னும் ஒன்பது நாள். அது எந்த ஊர் நேரப்படி என்று மேனேஜரிடம் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.