நல்லாயிருக்கு என்று சொல்லாதவள்

சட்டை தைக்கும் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறவள் அவள். காலையெல்லாம் நின்றுகொண்டே வெட்டி, மரத்துப்போன காலோடு, கெஞ்சி வாங்கிய அரைநாள் லீவில் ஏழு வயது மகளை மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வருவாள். மகளுக்கு வலிப்பு.

"எப்படி இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்பார்.

"அப்படியேதாங்க இருக்கா."

உடனே மருந்தின் அளவு ஏறும்.

உண்மையில் வலிப்பு நின்று ஐந்து மாதம் ஆகிறது. அதை வாய்விட்டுச் சொல்லிவிட முடியுமா? மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "இப்ப நல்லாயிருக்கான்" என்று பூரித்துப்போய்ச் சொன்னாள். எட்டாம் நாள் காய்ச்சலில் போய்விட்டான். கண் பட்டுவிட்டது, சொன்ன வாய்தான் கொன்றது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அதன்பிறகு சாமியிடம்கூடப் புலம்பல்தான், நன்றி கிடையாது. படித்தவர்கள் சிரிக்கலாம்; பிள்ளையைப் பறிகொடுத்தவளின் முகத்தைப் பார்த்துச் சிரிக்க யாருக்கு மனசு வரும்?

இந்தத் தடவை மகள் மடியிலேயே தூங்கி வழிந்தாள். நடக்கும்போது தள்ளாடுகிறாள், பள்ளிக்கூடத்தில் பென்சில் கையில் நிற்பதில்லை. டாக்டரம்மா சீட்டைப் புரட்டினார்.

"இதுக்கு மேல ஏத்த முடியாதும்மா. இன்னொரு மருந்து சேக்கறேன். அது ஈரலைக் கெடுத்தாலும் கெடுக்கும். வேற வழி தெரியல."

அவள் மகளை நாற்காலியில் சாய்த்துவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"அஞ்சு மாசமா ஒண்ணும் வரலைங்க," என்றாள், கிசுகிசுப்பாக. "நல்லாத்தான் இருக்கா."

டாக்டரம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதைச் சொல்ல அஞ்சு மாசமா உனக்கு?"

"மூத்தவனை நல்லாயிருக்கான்னு சொன்னேங்க. எட்டே நாள்ல போயிட்டான்."

அதற்குமேல் டாக்டரம்மா திட்டவில்லை. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் விதத்தை எழுதி, இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார்.

வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். மகள் அரைக்கண்ணைத் திறந்து, நாக்குக் குழறக் கேட்டாள்.

"அப்போ நான் சீக்காளி இல்லையாம்மா?"

ஒவ்வொரு மாதமும் இந்தக் குழந்தையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழக்கூடத் தெம்பில்லை. பயம் இன்னும் போகவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லடி," என்றாள், அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "நீ நல்லாயிருக்க."