என் குடலுக்காகச் சுட்ட பான்கேக்

வயிறு உப்ப ஆரம்பித்த புதிதில் சிலர் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். நாற்பது வயதைத் தாண்டியவளுக்கு, மகள் இடைநிலைப் பள்ளியில் படிக்கும் நேரத்தில்! மலேசியாவின் செனாயில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் மலாய்க்கார மேற்பார்வையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். உள்ளே பிள்ளை இல்லை, வெறும் காற்றுதான் என்று அவருக்கு விளக்குவதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாப்பிட்டது தங்கவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. படியேறினால் மூச்சு வாங்கியது. இரும்புச்சத்து குறைவு என்று கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். விழுங்கியதுதான் மிச்சம். கடைசியில் ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி (கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்திக் குடலைப் பார்ப்பது) செய்து, பயாப்சிக்கும் (சிறு சதைத்துணுக்கை எடுத்துச் சோதிப்பது) அனுப்பினார்கள்.

டாக்டர் என்னைவிட இளையவர், தமிழ்ப் பெண். சீலியாக் நோய் என்றார். குளூட்டன் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள பசைப்புரதம்) உள்ளே போனால் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்குமாம். உணவின் சத்தை இழுத்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் (குடலின் உள்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருப்பவை) எனக்கு மழுங்கிப் போயிருந்தன.

"இதுக்கு மருந்து என்ன டாக்டர்?"

"மருந்து கிடையாதும்மா. கோதுமைய அடியோட நிறுத்தணும், அவ்வளவுதான்."

என் கணவர் குணா தினமும் மோட்டார்சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அவர் இதைக் கேட்டுச் சிரித்தே விட்டார். "நாம சோறு திங்கிற ஆளுங்க. இதெல்லாம் ஒரு பெரிய விசயமா லா?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயை விட்டேன். மீ நூடுல்ஸை விட்டேன். கோதுமை சேர்த்த சோயா சாஸைக்கூட விட்டேன். சோறும் ரசமுமாக நாட்களை ஓட்டினேன். வயிறு சரியில்லாதவள் என்பதால் ரசத்தில் பெருங்காயத்தைத் தாராளமாகப் போட்டேன். மோரிலும் கலந்து குடித்தேன். நம் வீடுகளில் வயிற்றுக்கு அதைவிட நல்லது வேறு எது?

சில மாதங்கள் கழித்து எடுத்த இரத்தச் சோதனை முன்பைப் போலவே மோசமாக இருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மறைக்காம சொல்லுங்க. இடையில ஏதாச்சும் சாப்பிடுறீங்களா? இப்படியே போனா ஸ்டீராய்டு (உடம்பின் எதிர்ப்பாற்றலை அடக்கி வைக்கும் மருந்து) பத்தி யோசிக்க வேண்டி வரும்."

எனக்கு வந்ததே கோபம்! ஆசைப்பட்டு ஒரு பிஸ்கட் தின்றிருந்தால்கூடத் தலைகுனிந்து நின்றிருப்பேன். கார் நிறுத்துமிடத்தில் குணாவும், "ஒருவேள மறந்து போயி..." என்று இழுத்தார். நான் அவரை விட்டுவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தேன்.

என் வேலை மின்சுற்றுப் பலகைகளைச் சோதிப்பது. ஒரு பலகை பழுதானால் அதைத் திட்டிக்கொண்டிருக்க மாட்டோம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நிச்சயம் நல்லது என்று தெரிந்ததை மட்டும் வைத்துத் தொடங்கி, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். எதைச் சேர்த்ததும் கோளாறு வருகிறதோ, அதுதான் குற்றவாளி. என் உடம்பையும் அப்படியே சோதிக்கத் தீர்மானித்தேன்.

பொடி, பொட்டலம், டப்பா எதுவும் கிடையாது. முழுசாகக் கண்ணால் பார்க்க முடிந்ததை மட்டும் தின்பேன். தெப்ராவில் எங்கள் வீட்டுப் பின்சந்தில் வாழை நிற்கிறது. தேங்காய் சந்தையில் கிடைக்கிறது. தோலுக்குள்ளும் ஓட்டுக்குள்ளும் எவனும் மாவு கலக்க முடியாது.

முதலில் பச்சைக் காயை அரைத்துச் சுட்டேன். கையெல்லாம் வாழைக்கறை, கல்லில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. நன்றாகப் பழுத்ததில் சுட்டேன், திருப்பும்போது கூழானது. அரைப்பழமாக, தோல் மஞ்சளாகியும் உள்ளே கெட்டியாக இருக்கும் காய்தான் சரிப்பட்டது. அதனுடன் துருவிய தேங்காய், முட்டை, கொஞ்சம் உப்பு. சின்னச் சின்னதாக ஊற்றி, சிறு தீயில் ஓரம் சிவக்கும் வரை தொடாமல் விடவேண்டும். இதே நோய் உள்ளவர்கள் செய்து பாருங்கள். ஒன்று மட்டும், சப்பாத்தி சுட்ட பழைய கல் வேண்டாம், அதில் கோதுமை ஒட்டியிருக்கும், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

என் மகள் அதற்குப் பான்கேக் என்று பெயர் வைத்தாள். அதையும் வெறும் சோற்றையும் வேகவைத்த மீனையும் தின்று கிடந்தேன். வயிற்று உப்பல் இறங்கியது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். பருப்பு, ஒன்றும் செய்யவில்லை. புளி, மிளகு, பூண்டு, அவையும் பேசாமல் இருந்தன. பெருங்காயத்தைச் சேர்த்தேன். அன்று மாலையே வயிறு கல்லாகிவிட்டது.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், பெருங்காயத்தோடு கோதுமை மாவும் சேர்த்திருப்பதாகப் போட்டிருந்தது. மருந்து என்று நினைத்து நானே என் குடலுக்கு ஊட்டியிருக்கிறேன்! டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "அலமாக்! எங்க வீட்டு ரசத்திலயும் இதான் போடுறோம். எனக்கே தோணல. ஸாரிம்மா" என்றார். அந்த ஸாரியை நான் மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில்தான் பெரிய சண்டை காத்திருந்தது. தீபாவளியன்று குணாவின் அக்கா புஷ்பா ஒரு டின் நிறைய முறுக்கு கொண்டுவந்தார்.

"முழுக்க அரிசி மாவு, சாந்தி. உனக்காகவே புது எண்ணெயில சுட்டேன்."

"பெருங்காயம் போட்டீங்களாக்கா?"

"அது போடாம முறுக்கா?"

"அப்ப எனக்கு வேணாம்க்கா."

அவர் முகம் சுருங்கிவிட்டது. குணா என் காதருகே வந்து, "ஒண்ணே ஒண்ணு வாயில போடேன். அக்கா மனசு கஷ்டப்படுது" என்றார்.

நான் குரலைத் தாழ்த்தவில்லை. "அக்கா மனசு சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும். என் குடல் சரியாக மாசக்கணக்கா ஆகும். நீங்க ரெண்டு பேரும் சேந்து அதுல கை வைக்காதீங்க."

நான் அடுப்படிக்குப் போய்ப் பான்கேக் சுட்டு, தட்டோடு கொண்டுவந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்து தின்றேன். முன்பெல்லாம் அறைக்குள் போய்த் தனியாகத் தின்பேன். இனி அந்த வேலை கிடையாது. கொஞ்ச நேரம் கழித்துப் புஷ்பா அக்கா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, "உப்பு கம்மி" என்றார். இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்.

அடுத்த பயாப்சியில் குடலுறிஞ்சிகள் திரும்ப முளைக்கத் தொடங்கியிருந்தன. முன்பு என் உடம்பு என்னை வேலைக்குச் சுமந்து போகும் வண்டி, அவ்வளவுதான். இப்போது ஒரு வாய் வைப்பதற்கு முன் அதனிடம் கேட்கிறேன். அது வேண்டாம் என்றால், எதிரே யார் தட்டை நீட்டினாலும் வேண்டாம்தான்.

"இன்னும் எத்தன நாளைக்கு இந்தப் பத்தியம்?" என்று கல்யாண வீடுகளில் கேட்கிறார்கள். பத்தியம் என்றால் முடிகிற நாள் ஒன்று வேண்டுமே. சாகிற வரைக்கும், என்று சொல்கிறேன். கேட்டவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். எனக்கு வருத்தமில்லை. அந்தச் சாகிற நாளைக் கொஞ்சம் தள்ளிப் போட்டவள் நான். அந்தத் திமிரோடுதான் சொல்கிறேன்.