குளியலறைச் சுவருக்கு ஒரு டிரில்

லாரிக்காரர் வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் கைக்குழந்தைகூட வழி காட்டும். கிளீனராக வண்டியில் தொற்றிக்கொண்டு வந்த மனிதர், சொந்தமாக மூன்று லாரி ஓட்டினார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் பெரிய படிப்புப் படித்தவர்கள் அவருடைய கையெழுத்துக்காக வாசலில் காத்துக் கிடந்திருக்கிறார்கள். உதவி என்று ஒருவரிடம் போய் நின்றவர் இல்லை. இதை அவரே சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்வார்.

அப்பேர்ப்பட்டவருக்கு அன்று காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. முழங்கால் ஆபரேஷன் முடிந்து மறுநாள் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்துச் சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி வேண்டும், என்னை யாரும் தூக்கிவிடக் கூடாது என்று அந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கம்பி இல்லையென்றால் நேரே மகள் வீடு. மகள் வீட்டுக்குப் போனால் எப்போது திரும்புவாளோ. அவள் இல்லாத வீடு அவரைப் பிடித்துத் தின்றது. அடுப்படிக்குப் போவார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கூடத்துக்கு வருவார், மறுபடியும் அடுப்படி.

ஆள் அனுப்பட்டுமா என்று மகள் கேட்டதற்கு, மூணு லாரி ஓட்டினவனுக்கு நாலு ஓட்டை போடத் தெரியாதா என்று போனை வைத்தார். அந்தச் சூட்டிலேயே மனைவியைக் கூப்பிட்டு, கம்பி மாட்டியாச்சு என்றும் அளந்துவிட்டார். கம்பியோ பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கட்டிலில் கிடந்தது.

ஹார்டுவேர்ஸ் கடையில் அவர் கேட்டது விலை குறைந்த டிரில். குளியலறையில் பிளக் பாயிண்ட் கிடையாது, அதனால் பேட்டரியில் ஓட வேண்டும். அப்புறம் கதவுக் கீல், திரைச்சீலைக் கம்பி என்று வீட்டு வேலைக்கும் ஆகும். கடைக்காரப் பெண் இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று கைக்கு லேசு, கூடவே இரண்டு பேட்டரி, ஆனால் மரத்துக்கும் செங்கலுக்கும்தான் சரிப்படும். மற்றது கனம், பேட்டரி ஒன்றுதான், ஆனால் இடித்துக்கொண்டே துளைக்கும் ஹேமர் உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை.

லாரிக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். இரண்டு பேட்டரி மனசை இழுத்தது. "உங்க சுவரு செங்கல்லா, கான்கிரீட்டா ஐயா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நான் கட்டின வீடும்மா அது. ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும்."

"அதான் கேக்கறேன். என்ன சுவரு?"

இரண்டையும் மேஜையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார். வீட்டுக்குத் திரும்பி, குளியலறைச் சுவரை விரல் முட்டியால் தட்டினார். டைல்ஸ் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் சத்தம் கொடுத்தது. மறுபடி கடைக்குப் போனார். லேசானதைத் தூக்கினார், கீழே வைத்தார். கல்லாவுக்கும் வாசலுக்குமாக நடந்தார். அந்தக் குளியலறை எழும்பியபோது அவர் லோடு ஏற்றிக்கொண்டு போய் ஊரிலேயே இல்லை. கூடவே நின்று கட்ட வைத்தவள் ஒருத்திதான். கேட்டால் காலையில் அளந்த அளப்பு வெளுத்துவிடும். கேட்காவிட்டால் சுவர் காட்டிக்கொடுத்துவிடும். கடை வாசலில் நின்று போன் போட்டார்.

"மாட்டியாச்சுன்னு சொன்னீங்களே?" என்றாள் மனைவி.

"சொன்னேன்."

"அப்ப எந்தச் சுவருன்னு இப்ப எதுக்கு?"

"மிஷினே இன்னும் வாங்கல."

"கீழ்ப் பாதி கான்கிரீட்டு. ஈரம் ஏறக் கூடாதுன்னு நான்தான் ஊத்தச் சொன்னேன். எவ்வளவு உயரத்துல மாட்டப் போறீங்க?"

"நெஞ்சு உயரம்."

"யாரு நெஞ்சு?"

அவர் தம் நெஞ்சைத்தான் தொட்டுக்கொண்டு நின்றார். நல்ல உயரம் அவர். அந்த அம்மாள் அவருடைய தோளுக்குக்கூட வர மாட்டாள்.

"அடுப்படியில நான் உக்கார்ற குட்டை ஸ்டூலை அங்க போட்டு, அதுல உக்காந்து கையை நேரா நீட்டுங்க. அதுக்கு நாலு விரல் கீழ. காலையிலேயே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தப் பொய்யே வந்திருக்காது" என்று போனை வைத்தாள்.

கனமானதையே வாங்கினார். டைல்ஸ் தாண்டும் வரைக்கும் ஹேமரைப் போடாதீங்க, வெடிச்சிடும் என்று கடைக்காரப் பெண் சொல்லி அனுப்பினாள். தெரியும் தெரியும் என்றார். சொன்னபடியே செய்தார். மூன்றாவது துளையில் பேட்டரி படுத்துக்கொண்டது. சார்ஜர் விளக்கு பச்சையாகும் வரை அவர் வாசலுக்கும் குளியலறைக்கும் நடந்த நடையில் ஒரு லோடே இறக்கியிருக்கலாம். நாலாவது துளையும் விழுந்தது; துளைகளில் பிளாஸ்டிக் பிளக் அடித்து, திருகாணியை இறுக்கி, கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை.

மறுநாள் மகள் காரில் அழைத்து வந்தாள். எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மாள் இறங்கினாள். வாக்கரை ஊன்றி நேரே குளியலறைக்குள் போய் உட்கார்ந்தாள். லாரிக்காரர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குறுக்கே நின்றார்.

"கையை எடுங்க."

எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் கம்பியைப் பற்றி, பல்லைக் கடித்து, உடம்பின் கனம் முழுவதையும் அதில் போட்டு எழுந்தாள். நின்றாள். ஒரு கையை விட்டுப் பார்த்தாள்.

"வண்டியை அனுப்பிடு" என்றாள் மகளிடம்.

மகள் வாசலுக்கு வருவதற்குள் லாரிக்காரர் காரின் டிக்கியைத் திறந்து பையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.