டுரியான் விழும் வட்டம்

பதினேழு மரங்கள். அதில் ஒன்றுகூடச் சாயக்கூடாது என்பது ஃபவ்சியா போட்ட ஒரே நிபந்தனை. மலேசியாவின் உலு லங்காட்டில் மாமனார் விட்டுப்போன காட்டு நிலத்தில் நவீனமாக ஒரு வீடு. நடுவிலிருக்கும் பெரிய டுரியான் மரத்தடியில் சாப்பாட்டு அறை. அதற்குக் கண்ணாடிக் கூரை. அண்ணாந்தால் இலை தெரியவேண்டும்.

வரைந்தவர் ரோஹானி. வயது நாற்பத்தாறு. கோலாலம்பூர் அலுவலகமொன்றில் பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் யோசித்த வீடுகளுக்குக் கோடு போட்டவர். அவரே யோசித்த முதல் வீடு இது. ஃபவ்சியாவுக்குப் பிடிக்காவிட்டால் வேலை பக்கத்து மேசைக்குப் போய்விடும் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார்.

பிப்ரவரியில் ஒவ்வொரு அடிமரத்தையும் நாடா பிடித்து அளந்து, இடைவெளிகளில் வீட்டை நெளித்து நுழைத்தார். படத்தைப் பார்த்ததும் ஃபவ்சியாவும் கணவர் ஜம்ரியும் சரி என்றார்கள்.

ஜூனில் வீட்டின் மூலைகளைக் குறிக்கக் குச்சி நட வந்தால், தரையெல்லாம் குழி. கிண்ணத்தை வைத்து அழுத்தியதுபோல. ரோஹானியால் எண்ணாமல் இருக்க முடியாது. சாப்பாட்டு அறை வரும் இடத்தில் மட்டும் முப்பத்தொன்று.

“என்சிக் ஜம்ரி, இது என்ன, ஏதாச்சும் மிருகம் தோண்டுச்சா?”

“பழம் விழுந்த தடம், காக். முள்ளும் கனமுமா ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு கிலோ.” ரோஹானி ‘என்சிக்’ என்று ஐயா போட்டாலும், இளையவரான ஜம்ரி அவரை ‘காக்’ என்று அக்காள் முறையில்தான் கூப்பிடுவார். “டவுன்ல டுரியான் தராசுலயே காய்க்குது போல!”

“அப்போ கண்ணாடிக் கூரை?”

“அட, டுரியானுக்குக் கண்ணு இருக்கு. எங்கப்பா காலத்துலேர்ந்து ஒருத்தர் தலையிலயும் விழுந்ததில்ல.”

“தலையப் பாத்து ஒதுங்கும், சரி. கண்ணாடி அதுக்குத் தெரியுமா?”

காரிலிருந்த கூரைக் கண்ணாடி மாதிரியை எடுத்துவந்து நாலு செங்கல்மேல் வைத்தார் ரோஹானி. ஃபவ்சியாவும் சேர மூவரும் தள்ளிப் பாய் விரித்து, டுரியானும் ஒட்டரிசிச் சோறுமாகச் சாப்பிட்டபடி காத்திருந்தார்கள். முதல் பழம் இடப்பக்கம் விழுந்தது. இரண்டாவது பின்னால்.

“பாத்தீங்களா? கண்ணு!” என்றார் ஜம்ரி.

மூன்றாவது நேராகக் கண்ணாடிமேல் இறங்கியது. துண்டுகள் புல்லெல்லாம் சிதறின.

ஃபவ்சியாவின் கை சோற்றிலேயே நின்றது. “மரத்த வெட்டணும்னு மட்டும் சொல்லாதீங்க, காக். சொன்னா இப்பவே வேற ஆளப் பாத்துக்குவேன்.”

ரோஹானி காரிலிருந்து கயிறு எடுத்துவந்தார். ஆக வெளியே இருந்த குழிகளைத் தொட்டுத் தொட்டு மரத்தைச் சுற்றிக் கயிறு ஓட்டினார். ஒருபக்கம் உப்பிய பெரிய வட்டம்.

“பிப்ரவரியில பழம் இல்ல, அடிமரத்த மட்டுந்தான் அளந்தேன். மரம் இவ்ளோ பெருசுன்னு இப்பத்தான் தெரியுது. வீடு கயித்துக்கு வெளிய பிறை மாதிரி வளையட்டும். கூரைக்கு வேணாம், மரத்தப் பாத்த சுவருக்குக் கண்ணாடி. உள்ள உக்காந்தே பழம் விழறதப் பாக்கலாம்.”

ஃபவ்சியா கயிற்றோரமாக இரண்டு சுற்று நடந்தார்.

“பழம் பொறுக்க யார் உள்ள போறது?”

“உங்க வீட்டுக்காரர்தான். அவரத்தான் பழத்துக்கு அடையாளம் தெரியுமே.”

“ஹெல்மெட் வாங்கிக் குடுத்தா போறேன்!” என்றார் ஜம்ரி.

ஃபவ்சியா சிரித்துக்கொண்டே படத்தைக் கேட்டு வாங்கி, பழைய சாப்பாட்டு அறையைத் தானே பேனாவால் குறுக்கே அடித்தார்.

செப்டம்பரில், கடைசிப் பழமும் விழுந்தபிறகு, அடித்தளம் தோண்டினார்கள்.