பன்னீர் படுத்த துண்டு

எங்கள் வீட்டுப் பின்சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு இன்னமும் ஒரு நீலம் தெரியும். இரண்டு முறை வெள்ளையடித்தும் அது மறையவில்லை. வருகிறவர்கள் கேட்டால், சுண்ணாம்பில் நீலம் கூடிப்போய்விட்டது என்று சொல்லி அப்பா பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார். ஒரு பூனைக்காக மருந்தடித்த கதையை அவர் வெளியே சொன்னதே இல்லை. நான்தான் இப்போது சொல்கிறேன்.

காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம். அந்தப் பூனை கருப்பு. வெயிலில் படுத்திருந்தால் பன்னீர் திராட்சையின் நிறம் மின்னும். அதனால் பன்னீர் என்று பேர் வைத்தோம். அது பெண் பூனை என்று பிறகுதான் தெரிந்தது. பேரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஐப்பசியில் எங்கள் தெருப் பூனைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. பன்னீருக்கும் வந்தது. வாந்தி எடுத்தது. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது, ஆனால் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. அம்மா அதைக் கூடையில் வைத்துக் கம்பம் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு அலைந்தாள். மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கிண்ணம் மட்டும் இருந்தது.

அது பூனைக்குப் பூனை ஒட்டும் நோயாம். மனிதருக்கு வராதாம். ஆனால் கிருமி வீட்டிலேயே மாதக்கணக்கில் கிடக்குமாம். பூனை புழங்கியதையெல்லாம் எரித்துவிட வேண்டும், தரையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டும், ஆறு மாதத்துக்கு இன்னொரு பூனையைக் கொண்டுவரக் கூடாது, வந்தாலும் தடுப்பூசி போட்டுத்தான் வர வேண்டும். டாக்டர் சொன்ன இத்தனையையும் அம்மா ஒரு பாடம் போல அப்பாவிடம் ஒப்பித்தாள்.

அன்று மாலையே கூடை எரிந்தது, சாக்கு எரிந்தது. பன்னீர் படுக்கும் துண்டு மட்டும் எரியவில்லை. அது அப்பாவின் பழைய தலைத்துண்டு. அதை நான் பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி, அலமாரியில் என் பழைய நோட்டுகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டேன். அது எனக்கு வேண்டும், அவ்வளவுதான். கூடையைப் போல அதையும் விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை.

அப்பாவுக்கு டாக்டர் சொன்னதில் திருப்தியில்லை. நோய் என்றால் அவருக்குத் தெரிந்தது கொடியின் நோய்தான். பக்கத்துத் தோட்டத்தில் இலைக்கு அடியில் அடிச்சாம்பல் பூத்துவிட்டது என்று கேள்விப்பட்டால், கால் கழுவாமல் ஒருவரையும் எங்கள் தோட்டத்துக்குள் விடமாட்டார். மறுநாள் அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து கொடிக்கு அடிக்கிற நீல மருந்தை ஸ்பிரேயரில் ஊற்றி முதுகில் மாட்டிக்கொண்டு, பின்கட்டு முழுவதும் அடித்துவிட்டார். சுவர், வாசற்படி, பன்னீர் ஏறும் கொய்யா மரம், எல்லாம் நீலம்.

“அடிச்சாம்பலையே சாகடிக்கிற மருந்து. பூனைக் கிருமி எம்மாத்திரம்?” என்றார் பெருமையாக.

“டாக்டர் ஒண்ணு சொன்னாக, நீங்க ஒண்ணு செய்யிறீகளே,” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டருக்குப் போன் போட்டாள். அந்த மருந்தை நக்கினால் அடுத்து வருகிற பூனையும் போய்விடும் என்று அவர் சொன்னதும், அப்பாவுக்குத் தோட்டத்தில் திடீரென்று ஏகப்பட்ட வேலை வந்துவிட்டது. நீலத்தைத் தேய்த்துக் கழுவியது அம்மாதான். சுவர் குடித்தது குடித்ததுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கழுவல். கட்டிலை நகர்த்தி, அரிசிப் பானையை நகர்த்தி, மூலை முடுக்கெல்லாம் பிளீச்சிங் பவுடர். எனக்குக் கண் எரியும். வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். எனக்கு இருப்பே கொள்ளவில்லை. சாப்பிடும்போது காலருகே ஏதோ உரசியது போலிருக்கும். குனிந்து பார்ப்பேன். பாதிப் பாடத்தில் எழுந்து கொய்யா மரத்தடிக்குப் போவேன். அங்கே போய் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி வருவேன்.

“புதுப் பூனை எப்பம்மா?”

“பாப்போம்.”

தினமும் இதே கேள்வி, இதே பதில். அம்மாவை எனக்குப் பிடிக்காமல் போனது அப்போதுதான். பன்னீர் செத்ததற்கு அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை. செத்துப்போனதன் மணம்கூட வீட்டில் இருக்கக் கூடாது என்று துரத்துகிறாள் என்றே நினைத்தேன். அவள் பின்கட்டில் கழுவும்போது நான் அலமாரிக்குள் தலையை விட்டு, பையைத் திறந்து துண்டை மோந்து பார்ப்பேன். பன்னீர் அங்கே இருந்தது.

சித்திரையில் அம்மா இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்னை விட்டுவிட்டுக் கோம்பைக்குப் போய்வந்தாள். அங்கே அவள் தங்கை, என் சித்தி, இருக்கிறாள். என்னையும் கூட்டிப்போகச் சொல்லி நான் பஸ் ஸ்டாப் வரை அழுதுகொண்டே போனேன். அம்மா காரணம் சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சித்தியே வந்தாள். கையில் ஓட்டை போட்ட திராட்சைப் பெட்டி. அதற்குள் ஒரு வெள்ளைக் குட்டி, பச்சைக் கண்ணோடு. நாய்க்குப் பேர்போன ஊரிலிருந்து பூனை வருகிறதே என்று அப்பா சிரித்தார். அம்மா போன இரண்டு தடவையும் அதற்கு ஊசி போடத்தான் போயிருந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. குட்டிக்கு என்னிடமிருந்து ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. என்னிடம் இருந்ததிலேயே பெரிய பொருள் எதுவோ அதைக் கொடுத்தேன். ஓடிப்போய்த் துண்டை எடுத்துவந்து தரையில் விரித்து, குட்டியைத் தூக்கி அதன் நடுவில் விட்டேன். அது இரண்டு சுற்றுச் சுற்றி, மோந்து பார்த்து, சுருண்டு படுத்தது.

காப்பித் தம்ளரோடு வந்த அம்மா அப்படியே நின்றாள்.

“ஏத்தா, இது எங்கன இருந்துச்சு?”

“அலமாரியில.”

தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குட்டியை அள்ளிச் சித்தியிடம் கொடுத்தாள். என்னை அடிப்பாள் என்று கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். “ஆறு மாசம் கழுவுனேனே,” என்று மட்டும் சொன்னாள். சித்தியிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

போனில் டாக்டர், “ரெண்டு ஊசி போட்டாச்சுல்ல, அநேகமாத் தாங்கிரும். பத்து நாள் கண்ணு வச்சுப் பாருங்க,” என்றாராம். பத்து நாள் முடியும்வரை பேர் வைக்க வேண்டாம் என்றாள் அம்மா. நான் தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னாலேயே குடியிருந்தேன். குட்டி நாக்கை நீட்டினால் ஓடிப்போய் அம்மாவிடம் சொல்வேன். கிண்ணத்தருகே அது சும்மா உட்கார்ந்தால் கிண்ணத்தை அதன் வாய்க்கு நேராகத் தள்ளிவைப்பேன். என்னால்தான் இது சாகப்போகிறது என்று லீவு நாளெல்லாம் விளையாடப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அப்பா மருந்தடிப்பதைப் பாதியில் விட்டு, நீலக் கையோடு வந்து வாசலிலேயே நின்று, “தண்ணி குடிச்சுச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவார். வீட்டில் ஒருவரும் சோற்றை முழுதாகத் தின்று எழுந்ததாக நினைவில்லை.

பதினோராம் நாள் அது அடுக்களையில் ஏறி நெத்திலிக் கருவாட்டைத் திருடியது. ஒருவரும் திட்டவில்லை. பச்சை என்று பேர் வைத்தோம். வெள்ளைப் பூனைக்குப் பச்சை என்று பேர் வைத்த வீடு எங்கள் ஊரில் எங்களுடையதுதான். பச்சை பதிமூன்று வருடம் இருந்தது.

துண்டு என்னவாயிற்று என்று சொல்ல விட்டுவிட்டேன். குட்டி வந்த அன்றைக்கே அம்மா அதைக் கொல்லைக்கு எடுத்துப்போனாள். தென்னைமட்டையைப் போட்டுத் தீ மூட்டினாள். நான் பின்வாசலில், அந்த நீலச் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். தீ பிடித்த பிறகும் அவள் துண்டைப் போடவில்லை. இரண்டு கையாலும் முகத்தில் வைத்து நீளமாக மூச்சை இழுத்தாள். கிருமி இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

“கிருமி வாசம் வருதாம்மா?” என்று கேட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

“வருதுத்தா,” என்றாள். இன்னும் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத் தீயில் போட்டாள்.