மாசி வெயிலும் ஆறு வரிசை அகத்தியும்

வெயில் ஏறும் முன்பே சாத்தூர் ரோட்டில் பாதி தூரம் நடந்திருந்தேன். துண்டின் முனையில் இரண்டு உருளைக்கிழங்கை முடிந்து வைத்திருந்தேன். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்காது. மற்றது நெல்லிக்காய் அளவு. இரண்டும் ஒரே நாள் நட்டு ஒரே நாள் தோண்டியவை. கொடுத்தனுப்பியது, நான் நான்கு மாதம் வேலை பார்த்த தோட்டத்து அக்கா.

அக்கா பத்து வருடம் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னியவர். மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு உண்டு. அதைப் பற்றிப் பேசமாட்டார். தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக் கிடந்த நாளில்தான் நான் அவர் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆட்டுத் தழைக்காக வளர்த்த அகத்தி பத்து வரிசை நின்றது. இடையில் வெறும் நிலம். கொடைக்கானல் பக்கம் இரண்டு வருடம் கிழங்கு தோண்டிய தைரியத்தில், உருளை போடலாம் என்றேன். "இந்த வெயில்லயா? அவிஞ்சே வரும்லே, உரிச்சுத் திங்க வேண்டியதுதான்" என்று சிரித்தார். ஆனாலும் கார்த்திகையில் நட்டோம். விளைந்தால் இனிமேல் கம்பெனிக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

மார்கழிப் பனியில் செடி நன்றாகத் தழைத்தது. தை பாதியில், நிழல் விழுந்து செடி வெளிறுவதாக எனக்குப் பட்டது. மலைத் தோட்டத்தில் வெயிலுக்குத்தான் பஞ்சம். மரத்தைக் கழித்தால் கிழங்கு பெருக்கும். அதே நினைப்பில், அக்கா சந்தைக்குப் போன நேரம் பார்த்து நான்கு வரிசை அகத்தியை வெட்டித் தள்ளினேன். ஆடுகளுக்கு அன்றைக்கு விருந்து. அக்கா வந்து பார்த்தார். "ஏலே, மரத்துக்கு மொட்டை போட்டுட்டியே, மாசி வெயிலுக்கு யாரு குடை பிடிப்பா? நீயா?" பனி விலகியதும் அவர் சொன்னபடியே ஆனது. மொட்டை வரிசைகளில் தண்ணீர் பாய்ச்சிய மறுநாளே மண் வெடித்தது, கைவைத்தால் சுட்டது. அகத்தி நின்ற ஆறு வரிசையில் மண் சில்லென்று கிடந்தது. கிழங்குக்கு வேண்டியது அதுதான்.

வருகிறாளா இல்லையா என்று கம்பெனி போர்மேன் ஆள்விட்டுக் கேட்டார். தோண்டும் வரை பொறுக்கச் சொன்னார் அக்கா. தோண்டினோம். நான்கு வரிசையில் கோலிக்குண்டுகள். ஆறு வரிசையில் கூடை கூடையாகக் கிழங்கு. அக்கா குவியலை ஒரு சுற்று சுற்றி வந்து, மறுபடி வந்த ஆளிடம், "வரலைன்னு சொல்லிருங்க" என்றார். வருடங்கள் கழிந்து இப்போதும் போவதில்லை என்று கேள்வி. கார்த்திகை மேகமூட்டத்தில் மட்டும் அகத்தியைக் கழிக்கிறாராம். மாசிக்குள் அது மறுபடி தழைத்துவிடுகிறதாம்.

எனக்கு ஒரே ஊரில் கால் தரிக்காது. அந்த அறுவடை முடிந்து கிளம்பும்போது, "அடுத்த வேலை கேக்கையில இந்தச் சின்னதைக் காட்டுலே, உன் சர்ட்டிபிகேட்டு" என்று இரண்டு கிழங்கையும் துண்டில் முடிந்து கொடுத்தார். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு வேறு சர்ட்டிபிகேட் கிடையாது.

பெரியதை வழியிலேயே சுட்டுத் தின்றேன். மறுநாள் காலை சாத்தூர் டீக்கடையில் ஒருவர், கொய்யாத் தோப்பில் மரம் கழிக்க ஆள் தேடினார். "மரத்தடியில என்ன போட்டிருக்கீக?" என்று கேட்டேன். மல்லிக்கீரை என்றார். துண்டை அவிழ்த்து, சின்னக் கிழங்கைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் அதை விரலில் உருட்டிப் பார்த்துச் சிரித்தார். வண்டியில் மாட்டியிருந்த அரிவாளை விட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். அன்று காலையே கீரைக்குத் தண்ணீர் பாய்ச்சத் தொடங்கினேன், நிழலில் நின்றுகொண்டு.