மாத்திரை தின்றவளுக்குப் பால் நேரம் இல்லை

என் இடது கால் கொஞ்சம் இழுக்கும். பிறவியிலேயே இப்படியா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஏற்காட்டில் வெள்ளைக்காரத் துரையின் காப்பி எஸ்டேட் கொடுத்த கால் இது.

பழம் பறிக்கும் காலம். என் மகளுக்கு அப்போது மூன்று மாதம். மழையில் வழுக்கிய சரிவில், இடுப்புக் கூடையோடு விழுந்தேன். முட்டி பூசணிக்காயாக வீங்கிவிட்டது. எஸ்டேட் கம்பவுண்டர் வெள்ளை மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வலியும் வீக்கமும் குறையும் என்றார்.

"ஏனுங்க, நான் புள்ளைக்குப் பால் குடுக்கறனுங்க. இதைத் தின்னா ஒண்ணும் ஆவாதுங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "பால்ல கொஞ்சம் போவுமாட்ட இருக்குது அம்மிணி. எதுக்கும் பாத்துக்க."

எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி வாசலில் நின்றார். அவருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஒரு தடவை, மதியத்துக்கு மேல் ஒரு தடவை கொம்பு ஊதுவார்கள். கைக்குழந்தைக்காரிகள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, காப்பிச் செடிக்கு நிழலாக நட்ட சில்வர் மரங்களில் தூளி கட்டியிருக்கும் இடத்துக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். பழம் கனிந்து உதிரும் காலத்தில் அந்தக் கொம்புச் சத்தம் கேட்டாலே மேஸ்திரிக்கு வயிறு எரியும். மறுநாள் கொம்பு ஊதியதும் வழியை மறித்தார்.

"எங்க போற? மாத்திர தின்னவ பாலு புள்ளைக்கு ஆவாது. கம்பவுண்டரே சொல்லிப்போட்டாரு. நீ பழத்தப் பறி."

என் குழந்தைமேல் அந்த மனுஷனுக்கு அவ்வளவு அக்கறை! ஆனால் நான் நம்பினேன், பயந்தேன். மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்தது. காலை ஊன்ற முடிந்தது. மார்தான் கல்லாகக் கட்டியது. பாலை மண்ணில் பீய்ச்சினேன். சாயங்காலம் கூலிக்காரர்களின் லயன் வீட்டுக்குப் போன பிறகும் கொடுக்கப் பயம், கஞ்சித் தண்ணீர் புகட்டினேன். பகலில் தூளியில் அவள் அழுவது சரிவுவரை கேட்கும். பத்துக் குழந்தைகள் அழுதாலும் நம் குழந்தையின் குரல் தெரியாதா? இரண்டாம் நாள் சாயங்காலம் அந்தக் குரல் கம்மிப்போயிற்று. மாத்திரையைவிட அதுதான் என்னைக் கதிகலங்க வைத்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் கம்பவுண்டரிடம் போய் நின்றேன்.

"நெசமாலுமே பாலு ஆவாதுங்களா?"

"ஆவாதுன்னு நான் எங்க சொன்னேன்? எனக்குத் தெரியாது அம்மிணி. புஸ்தகத்துல அதெல்லாம் போடலை."

"அதை மேஸ்திரிகிட்ட வந்து சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார். வரவில்லை.

அன்று கொம்பு ஊதியது. கூடையை இறக்கினேன். மடியிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து மேஸ்திரியின் கையில் வைத்தேன்.

"இந்தாங்க, நீங்களே வெச்சுக்கங்க. வலி என்னுது, பொறுத்துக்கறேன். பாலு எம்புள்ளைது. அதை நிறுத்த நீங்க ஆருங்க?"

"அதான் ரெண்டு நாளாத் தின்னிருக்கறயே..."

"பாலு கெட்டுப்போற அளவுக்கு ஒடம்புல மருந்து இருக்குதுன்னா, மேடேறிப் பழம் பறிக்க மட்டும் ஏனுங்க உட்டீங்க?"

பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி பொட்டலத்தோடு வழியைவிட்டு விலகினார். நான் நொண்டிக்கொண்டே சரிவில் இறங்கினேன். குழந்தை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு மாரைப் பற்றி இழுத்த இழுப்பில் உயிரே போயிற்று. அப்போதுதான் அழுதேன்.

அந்தப் பருவம் முழுக்க மாத்திரை இல்லாமலே பறித்தேன். முட்டி ஒழுங்காக ஆறவில்லை. வலிக்கு மருந்தும் வேண்டும், குழந்தைக்குப் பாலும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்க அன்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

அதே மகளுக்குப் பல வருஷம் கழித்துச் சேலத்தில் பிரசவம். தையல் வலிக்கு நர்ஸ் மாத்திரை கொடுத்தாள். நான்தான் முந்திக்கொண்டு கேட்டேன், இதைத் தின்றுவிட்டுப் பால் கொடுக்கலாமா என்று.

"தாராளமாக் குடுக்கலாமுங்க. இந்த மாத்திரை பால்ல துளிதான் போவும்" என்றாள். என் கதையையும் சொன்னேன். "அது ஆஸ்பிரினா இருக்குமுங்க. பால் குடுக்கறவங்க டாக்டரைக் கேக்காம அதைத் தின்னக் கூடாது. ஆனா பாலை எதுக்குங்க நிறுத்தோணும்? மாத்திரையத்தான் மாத்தோணும்."

"கடைசியாச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லு கண்ணு. சத்தமாச் சொல்லு, வெளிய கேக்கோணும்."

வெளியே வராந்தாவில் யாரும் இல்லை. இருந்தாலும் அந்தப் பெண் சத்தமாகச் சொன்னாள்.